ஓட்டை போட்ட இரும்புக்கு 95,000 யென்: க்யோபாஷியில் ஒரு ட்சுபா கடை

விலை அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைய ஏலத்தில் 30,000 யென்னுக்கு ஓடுகிற சரக்கைப் போலத் தெரிகிற ஒன்று இங்கே 55,000, 60,000 என்று சீட்டு போட்டு உட்கார்ந்திருக்கும். சான்றிதழும் இருந்தால் லட்சத்தைத் தொடும். லட்சம் யென் என்றால் நம்ம காசுக்கு ஐம்பத்தைந்து, அறுபதாயிரம் ரூபாய். அப்படியும், டோக்கியோவில் முதல் ட்சுபா, அதாவது ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தகடு, எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் அனுப்புவது இந்தக் கடைக்குத்தான்.

கடைப் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். க்யோபாஷியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் ஒன்று, இரண்டாவது மாடி, வெளியே கையகலப் பலகை. பழம்பொருள் தேடுகிறவர்களுக்கு இது போதும், கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ட்சுபா என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஜப்பானிய வாளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே ஒரு தகடு இருக்குமே, அதுதான். கை வழுக்கி அலகின்மேல் போகாமல் தடுக்கும். உறையிலிருந்து உருவுவதற்கு முன் இடது கட்டைவிரல் நெம்பித் தள்ளுவதும் இதைத்தான். இதன் எடையை மாற்றினால் வாளின் சமநிலையே மாறும். நீள வாளுக்கானது 7, 8 செ.மீ. அகலம், 5 மி.மீ. அளவுக்குத் தடிமன், எடை 100 கிராமை ஒட்டி வரும். நடுவில் வாளின் தண்டு நுழைய மேலே குறுகிய ஒரு துளை. அதற்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள். உறையின் பக்கவாட்டில் செருகியிருக்கும் குட்டிக் கத்திக்கும் கொண்டை ஊசிக்கும் வழிவிட. மிச்ச இடத்தில் கொல்லன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். செய்திருக்கிறார்கள். 1876-ல் மெய்ஜி அரசு, ராணுவம் போலீஸ் தவிர மற்றவர்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு இவை வாளைவிட்டுக் கழன்று தனியாகச் சந்தைக்கு வந்தன, ஏராளமானவை வெளிநாட்டுக்குப் போயின. லண்டன், பாஸ்டன் அருங்காட்சியகங்களில் ட்சுபாக்கள் இத்தனை இருப்பது அதனால்தான்.

நான் கோயம்புத்தூரில் ஃபவுண்டரியில் காஸ்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் ஆரம்பித்தவன். இப்போது சிபா பக்கம் ஒரு பம்பு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. ஆக, என் விமர்சனம் இரும்பு பார்க்கிறவனின் விமர்சனம். தங்கம் இழைத்த, மயில் வரைந்த ட்சுபா தேடுகிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கடையின் உண்மையான சேவை, சரக்கைக் கையில் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பல கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுவார்கள். கேட்டால் எடுப்பார்கள், எடுத்ததும் வாங்கத்தான் போகிறீர்கள் என்ற முகத்தோடு பக்கத்தில் நிற்பார்கள். இந்தக் கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் புதிதாகப் போனபோது என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. மேசைமேல் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டை விரித்து, இழுப்பறையிலிருந்து மூன்று இரும்பு ட்சுபாக்களை எடுத்து வைத்தார். சீட்டு இல்லை, விலை இல்லை. மூன்றும் கறுப்பு, மூன்றும் ஓட்டை போட்டவை. “கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பாருங்கள்” என்றார்.

முதலாவது வழவழவென்று, உருட்டிவிட்ட விளிம்பு. இரண்டாவது அதைவிட மெல்லியது, ஓரம் கூர்மையாக நின்றது. மூன்றாவது கையில் குட்டியாக, ஆனால் தடிமனாக இருந்தது. அதன் விளிம்பில் விரல் ஓடவே இல்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏதோ முட்டு. கண்ணைத் திறந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், வெல்லப்பாகில் கரையாமல் நின்ற கட்டிகளைப் போல அங்கங்கே திட்டுத் திட்டாக இரும்பு மேலே எழும்பி நின்றது. திட்டுகள் மட்டும் பளபளப்பு, சுற்றிலும் மங்கல். தெக்கொட்சு என்கிறார்கள் இதை. அடித்துச் சேர்த்த இரும்பில் கார்பன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. கார்பன் கூடிய இடம் கெட்டி. முன்னூறு, நானூறு வருடத்தில் மென்மையான பகுதி தேய்ந்தும் துருப்பிடித்தும் தாழ்ந்துபோக, கெட்டிப் பகுதி எலும்பு மாதிரி வெளியே நிற்கிறது. எங்கள் தொழிலில் கடினம் இப்படி இடத்துக்கு இடம் மாறினால் சரக்கை ரிஜெக்ட் பண்ணிவிடுவோம். இங்கே அதற்குத்தான் விலை.

மூன்றும் மூன்று ஊர் என்று அப்புறம் சொன்னார். வழவழப்பானது எடோவின், அதாவது பழைய டோக்கியோவின், அகசாகா. மெல்லியது கியோத்தோ வகை. முட்டு முட்டாக இருந்தது கனயாமா, இன்றைய நகோயா இருக்கும் ஓவாரிப் பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மூன்றிலும் செய்தவன் பெயர் கிடையாது. இரும்பில் துளைவேலை செய்த பழைய ட்சுபாக்களில் பெரும்பாலானவை இப்படிப் பெயரில்லாதவைதான். அதனால் நோபுயியே, கனேயியே மாதிரிப் பெரிய கொல்லர்களின் பெயர் பொறித்த ஒன்று மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். அந்த இரண்டு பெயரையும் போலியாகப் பொறித்தவர்கள் எடோ காலத்திலேயே (1603–1868) இருந்தார்கள்.

போலி என்றதும் காஸ்டிங் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சந்தையில் சுற்றுகிற மலிவு ட்சுபாக்களில் நிறைய வார்ப்புகள். சுற்றுலாப் பயணிக்கென்று ஊற்றியவை. படத்தில் பார்த்தால் தெரியாது. கையில் எடுத்து, துளைகளின் உள்சுவரைப் பாருங்கள். மேற்பரப்பை யார் வேண்டுமானாலும் தேய்த்து மினுக்கிவிடலாம். உள்சுவரில் ஃபெட்லிங், அதாவது வார்ப்பின் பிசிறு எடுக்கிற வேலை, பண்ண எவனுக்கும் பொறுமை இருக்காது. அங்கே நடுவில் மெல்லிய கோடு ஓடினால் அது பார்ட்டிங் லைன், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். குண்டூசித் தலை அளவில் உருண்டைக் குழிகள் இருந்தால் புளோ ஹோல். பழைய துருவின் குழி ஒழுங்கில்லாமல், ஓரம் சிதைந்து இருக்கும். காற்றுக் குமிழி விட்ட குழி வட்டமாக இருக்கும். அசல் வேலையில் உள்சுவர் முழுக்க ரம்பமும் அரமும் போன தடம் தெரியும், இல்லாவிட்டால் அது தேய்ந்து மழுங்கிய தடமாவது தெரியும்.

அடுத்தது ஓசை. ட்சுபாவைத் தண்டுத் துளையில் ஒரு மரக்குச்சி விட்டுத் தொங்கவிட்டு, இன்னொரு குச்சியால் லேசாகத் தட்டினால் அடித்துச் செய்த இரும்பு கணீரென்று இழுக்கும். சாதா வார்ப்பிரும்பு ‘டொக்’ என்று நின்றுவிடும். காரணம் எளிது: வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கிடக்கிறது, அது அதிர்வைக் குடித்துவிடும். லேத் மெஷினின் படுக்கையை வார்ப்பிரும்பில் ஊற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சோதனையை முழுசாக நம்பாதீர்கள். விரிசல் விட்ட அசலும் டொக் என்னும், எஃகில் ஊற்றிய போலி கணீர் என்னும். கடைக்காரரைக் கேட்காமல் தட்டவும் கூடாது. இவர் கேட்டால் அனுமதிக்கிறார். குச்சியை அவரே எடுத்துக் கொடுப்பார்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் இணைய ஏலத்தில் 12,000 யென்னுக்கு எடுத்த ட்சுபா ஒன்றை இரண்டாம் முறை போகும்போது கொண்டுபோனேன். கடைக்காரரைச் சோதிக்கத்தான், வேறென்ன. எனக்கு அது வார்ப்பு என்று தெரியும். அவர் உள்சுவரைப் பார்க்கவே இல்லை. நேரே தண்டுத் துளையைப் பார்த்துவிட்டு, “இது வாளைப் பார்த்ததில்லை” என்று திருப்பிக் கொடுத்தார். வாளில் மாட்டிய ட்சுபாவில் துளையைச் சுற்றி உளித் தழும்பு இருக்கும், தண்டு ஆடாமல் இறுக்கப் பிடிக்க ஓரத்து இரும்பைத் தட்டி உள்ளே தள்ளியது. வேறு வாளுக்கு மாற்றியிருந்தால் துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு செருகியிருப்பார்கள். இரண்டு பக்கமும் செம்பு வளையம் அழுத்தி உட்கார்ந்த இடம் நிறம் மாறி நீள்வட்டமாகத் தெரியும். என் சகாவின் சரக்கில் ஒன்றுமே இல்லை, கடையிலிருந்து நேற்று வந்த தட்டு மாதிரி சுத்தம். சரி, அவர் முறைதான் என் முறையைவிட வேகம். வாளில் ஏறாத அசலும் உண்டுதான், அதனால் தழும்பு இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் 12,000 யென் சரக்கில் அந்தச் சந்தேகத்தின் பலனை நான் தரமாட்டேன்.

நான் வாங்கியது அந்த முதல் மூன்றில் இருந்த அகசாகா. கனயாமாவின் விலையைக் கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். இது 95,000 யென். உயரம் 7.6 செ.மீ., விளிம்பில் 5.5 மி.மீ., எடை 94 கிராம். வெர்னியரும் தராசும் வைத்து நானே அளந்தது. நாணல் தண்டுகள் கீழிருந்து வளைந்து ஏற, மேலே இரண்டு காட்டு வாத்துகள் பறக்கின்றன. வாத்து என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு சுருக்கமான கோடு. தண்டுகள் விளிம்பைத் தொடும் இடத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் பருக்கிறது. படத்தில் இது தெரியவே தெரியாது. ஒரே அகலத்தில் விட்டிருந்தால் அந்த இணைப்பு அடி தாங்காது. இன்று நாங்கள் வரைபடத்தில் ஃபில்லெட் (மூலையை வளைத்துப் பருமனாக்குவது) போடுகிற அதே இடத்தில், அதே காரணத்துக்காக, அரத்தைப் பிடித்த ஒருவன் இரும்பை விட்டுவைத்திருக்கிறான். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழை போல இரண்டு கோடுகள் சுற்றி ஓடுகின்றன. அகசாகாக் கொல்லர்கள் மூன்று அடுக்கு இரும்பைச் சேர்த்து அடிப்பார்கள் என்று படித்திருந்தேன். அந்தச் சேர்க்கைதான் இது என்று கடைக்காரர் சொன்னார். வெல்டிங் பார்க்கிறவன் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது.

அகசாகா இப்போது அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளுமாக இருக்கும் பகுதி, இந்தக் கடையிலிருந்து சப்வேயில் சில நிறுத்தம். 17-ஆம் நூற்றாண்டில் ததமசா என்கிற கொல்லர் அங்கே தொடங்கிய பட்டறை வழி, எடோ காலம் முடியும்வரை பல தலைமுறை ஓடியது. என்னுடையது முதல் தலைமுறைகளின் வேலை அல்ல, பிந்தியது. இதைக் கடைக்காரரே சொன்னார். சீட்டில் என்னவோ ‘எடோ முற்பகுதி’ என்று இருந்தது.

இது என் முதல் புகார். கடையில் பாதிச் சீட்டுகளில் காலத்தை ஒரு படி முன்னே தள்ளி எழுதியிருக்கிறது. கேட்டால் “அப்பா எழுதினது” என்கிறார். வாயால் கேட்டால் உண்மை வருகிறது. வாள்வீரர் மியமோட்டோ முசாஷி செய்ததாகச் சொல்லப்படும் கடல்வெள்ளரி வடிவத் துளை ட்சுபா ஒன்றைக் காட்டி, “பிற்கால நகல், ஹிகோ (இன்றைய குமமோட்டோ) ஊர்க்காரர்கள் விரும்பிச் செய்தது, விலையும் அதற்குத்தான்” என்று நான் கேட்கும் முன்பே சொன்னவர். ஆனால் ஜப்பானிய மொழி பேசாத ஒருவர் உள்ளே வந்தால் அவருக்குத் துணை அந்தச் சீட்டு மட்டும்தானே? மொழிபெயர்ப்புச் செயலியைச் சீட்டின்மேல் பிடித்துவிட்டு நம்பி வாங்குவார். அப்பாவை மதிக்கலாம், சீட்டை மாற்றியும் எழுதலாம்.

இரண்டாவது, சான்றிதழ் விலை. ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று 1948-லிருந்து இருக்கிறது. ரியோகோகுவில் சுமோ அரங்குக்குப் பக்கத்தில் வாள் அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய நிபுணர் குழுவிடம் கொடுத்தால், அசல் என்றும் பாதுகாக்கத் தக்கது என்றும் கண்டவற்றுக்கு ‘ஹொசோன்’ என்ற தாளும், அதற்குமேல் ‘தொகுபெட்சு ஹொசோன்’, ‘ஜூயோ’ என்று படிப்படியாகவும் தருவார்கள். தாளில் படம் இருக்கும், எந்தப் பள்ளி என்று இருக்கும். என்னுடையதில் ‘பெயரில்லை, அகசாகா’ என்ற அளவில்தான். எந்தத் தலைமுறை, எந்த வருடம் என்றெல்லாம் கிடையாது. இந்தக் கடையில் ஏறக்குறைய இதே தரத்தில் தாளில்லாத அகசாகா ஒன்று 52,000-க்கு இருந்தது. வித்தியாசம் 43,000 யென். தாளை வாங்கிக்கொடுக்க ஆகும் செலவுக்கும் உழைப்புக்கும் இது ரொம்ப அதிகம் என்பதே என் எண்ணம். நான் ஏன் தாளோடு வாங்கினேன் என்றால், இரும்பு எனக்குத் தெரியும், பள்ளி தெரியாது. தெரிந்தவர்களின் கருத்துக்குக் காசு கொடுத்தேன். அடுத்தது வாங்கும்போது கொடுக்கமாட்டேன். பழைய தாள்களும் புழங்குகின்றன, 1982-க்கு முந்தைய முறையில் கொடுத்தவை; அவற்றில் பச்சைத் தாளுக்குச் சந்தையில் மரியாதை குறைவு. தாளைப் பார்த்ததும் மயங்காமல் அது எந்தக் காலத்துத் தாள் என்று பாருங்கள். பெட்டி மூடியின் உட்புறம் சாத்தோ கன்ஸான் மாதிரி பெரிய அறிஞர்கள் தூரிகையால் எழுதிக் கொடுத்ததும் உண்டு. அந்தக் கையெழுத்தையும் போலியாக எழுதுகிறார்கள் என்று சொன்னவரும் இந்தக் கடைக்காரர்தான், அப்படியொரு பெட்டியைத் தன் அலமாரியிலிருந்தே எடுத்துக் காட்டி. அதை விற்பதில்லை, பாடம் நடத்த வைத்திருக்கிறார்.

மூன்றாவது, வெளிச்சம். மேலே ஒரே வெள்ளை எல்.இ.டி. அந்த வெளிச்சத்தில் எல்லா இரும்பும் ஒரே கறுப்பு. நல்ல ட்சுபாவின் நிறம் கறுப்பே இல்லை, ஊதா கலந்த பழுப்பு. ஈரமாக இருப்பது போன்ற ஒரு மினுக்கம் உள்ளிருந்து வரும். அடுப்பில் காட்டி எண்ணெய் பூசிக் கறுப்பாக்கியதும் அங்கே அப்படியேதான் தெரியும். படிக்கட்டுப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள். அவர் தடுப்பதில்லை, கூடவே வந்து நிற்பார்.

தங்கவேலை, வெள்ளிவேலைப் பக்கத்து அலமாரியை நான் சும்மா கடந்துபோகிறேன். வாள் அணிகலன் செய்த கோத்தோ குடும்பத்து வழி வேலைகள் இருக்கின்றன: செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து, நீலம் பாய்ந்த கறுப்பாக மாற்றிய ஷகுதோ, அதன்மேல் மீன்முட்டை அளவில் புள்ளி புள்ளியாகக் கையால் அடித்த தரை. வரிசை ஒரு இடத்திலும் கோணவில்லை. வேலையை மறுக்க முடியாது, எனக்குத்தான் ஒட்டவில்லை. அந்த அலமாரியில் எனக்குப் பிடித்தது கனோ நத்சுவோவைப் பற்றிக் கடைக்காரர் பேசுவது. வாளுக்கு அணிகலன் செதுக்கிய அந்த மனிதரைத்தான் மெய்ஜி அரசு புது யென் நாணயங்களின் அச்சைச் செதுக்க அழைத்தது. வாள் தடை வந்தபோது அவர் தொழில் பிழைத்துக்கொண்டது, எத்தனையோ பேருடையது பிழைக்கவில்லை. அவருடைய வேலை இங்கே விற்பனைக்கு இல்லை. இருந்தாலும் நம்மால் முடியாது.

வாங்கிய பிறகு நடந்துகொள்ளும் விதத்துக்கு முழு மதிப்பெண். பௌலோனியா மரப்பெட்டி தனிக் காசு, 4,000 யென். உள்ளே ட்சுபாவின் துளையில் வந்து உட்காரும்படி மெத்தை தைத்தது. அதற்கு மேலே ஒரு பழைய கோடுபோட்ட பருத்திப் பையில் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த கோட்டுத் துணியின் வகை, இங்கே அதற்கு நம் மயிலாப்பூர் சாந்தோமின் பெயர்தான். பிறகு ஜப்பானிலேயே நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். என் பை உள்ளூர் நெசவாகத்தான் இருக்கும் என்றார். இருக்கட்டும்.

ஒரு துளையின் மூலையில் சிவப்புத் துரு கொஞ்சம் இருந்தது. மான்கொம்பு சீவல் ஒன்றைக் கொடுத்து, இதால் சுரண்டு என்றார். கொம்பு துருவைவிடக் கெட்டி, அடியிலிருக்கும் கறுப்புத் தோலைவிட மெது. துரு மட்டும் உதிரும். எமரித் தாள், கம்பி பிரஷ், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கிட்டே வரக்கூடாது. முன்னூறு வருடத் தோல் மூன்று நிமிடத்தில் போய்விடும், போனால் விலையும் போய்விடும். அப்புறம் பருத்தித் துணியால் தினமும் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. இரும்பைக் கையால் தொடலாம், தங்கவேலை என்றால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். ஜூன் மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள் என்று போன் செய்தும் ஞாபகப்படுத்தினார். மின்னஞ்சலுக்கு மட்டும் பதில் வராது. போன்தான், அதுவும் மதியத்துக்கு மேல்.

திருப்பிக் கொடுத்தால் என்ன தருவார் என்று நேராகவே கேட்டேன். “பாதி. நல்ல நாளாக இருந்தால் கொஞ்சம் கூட.” முதலீடு என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தப் பதிலே போதும். இன்னொன்றும் எனக்குப் பிடித்தது: முழு வாள் அலங்காரமாக வந்த எதையும் இவர் பிரித்து விற்பதில்லை. ட்சுபாவைத் தனியாக, பிடியின் அணிகளைத் தனியாக விற்றால் கூடுதல் காசு என்பது எல்லாருக்கும் தெரியும். அலமாரியில் அப்படி ஒரு முழுச் செட் விற்காமல் நிற்கிறது. அதிலிருக்கும் ட்சுபாவை மட்டும் கேட்டுப் பார்த்தேன், சிரித்துவிட்டு டீ ஊற்றினார்.

வேறு எங்கே போகலாம்? ஷின்பாஷியில் டோக்கியோ பிஜுட்சு கிளப்பில் இலையுதிர்காலத்தில் நடக்கும் தாய் தோகென் இச்சி என்ற வாள் சந்தையில் நாடு முழுவதிலுமிருந்து வியாபாரிகள் ஒரே கட்டடத்தில் மேசை போடுவார்கள். விலை ஒப்பிட அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நிதானமாகக் கையில் வைத்திருக்க இந்த மாடிதான் சரி. கண்ணுக்கு மட்டும் என்றால் உயெனோ தேசிய அருங்காட்சியகம், ரியோகோகு, அப்புறம் மெஜிரோதாய் மேட்டில் பழைய பிரபுக்களான ஹொசோகாவா குடும்பத்தின் எய்செய் பூங்கோ அருங்காட்சியகம். கொல்லர் ஹயாஷி மதஷிச்சி இரும்பில் தங்கம் பதித்துச் செய்த செர்ரிப்பூவும் கிழிந்த விசிறியும் கொண்ட ட்சுபா எய்செய் பூங்கோவிடம் இருக்கிறது. எப்போதும் காட்சியில் இருக்காது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்பது நண்பர்கள் கேட்கும் கேள்வி. வாளுக்குத்தான் பதிவுச் சீட்டு, வெளியே கொண்டுபோக அனுமதி எல்லாம். ட்சுபாவுக்கு அந்தப் பதிவு கிடையாது. அரசு முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தவற்றைக் கொண்டுபோக முடியாது, ஆனால் அவை இந்தக் கடை மேசைமேல் வராது. ரசீதில் என்ன பொருள், எந்தக் காலம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், அவர் வாயால் சொன்ன காலத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிறார்.

கார்டு எடுக்கிறார்கள், ஆனால் ரொக்கம் என்றால் பெட்டிக் காசைக் குறைத்துக்கொள்வார். பேரம் அதற்குமேல் நடக்காது. வியாபாரிகள் ஏலத்துக்குப் போகிற நாளில் கடை பூட்டியிருக்கும், அது எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார். போன் செய்துவிட்டுப் போங்கள். ஓட்டை இல்லாத சாக்ஸ் போடுங்கள், மேலே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைக்க ஒரு மரக்கிண்ணம் மேசைமேல் இருக்கும். அவர் சொல்வதற்கு முன் நீங்களே கழற்றிப் போட்டால் இழுப்பறை கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.